முன்சக்கர நிழலில் ஒரு விமானி

அர்த்தநாரி வீட்டுக் கண்ணாடி அலமாரிக்குள் நின்றுகொண்டிருந்த விண்வெளி விமானி, ஆடி மாதத்து இரண்டாம் புதன்கிழமை மத்தியானம் ஒன்றேகால் மணிக்கு, யாரும் தொடாமல், யாரும் அசைக்காமல், தானாகவே தன் வண்டியைவிட்டு இறங்கி முன்சக்கரத்தின் நிழலில் குந்தி உட்கார்ந்தான். ஒரு அடி உயரப் பொம்மை அது. அதை முதலில் பார்த்தவள் வீட்டுவேலைக்கு வரும் பொன்னாத்தா. அவள் கையிலிருந்த துடைப்பானைக்கூடக் கீழே வைக்கவில்லை. "வண்டி சூடாயிருக்கும், எறங்கி உக்காந்துட்டான்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறையைத் துடைக்கப் போய்விட்டாள். கோயம்புத்தூரில் எங்கள் மலர்வனம் அடுக்ககத்தில் லிஃப்ட் ஒழுங்காக ஓடினால்தான் நாங்கள் ஆச்சரியப்படுவோம். மற்றபடி எது நடந்தாலும் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவோம்.

என் பெயர் வெள்ளியங்கிரி. கல்லூரி ஒன்றில் பதிவாளராக இருந்து ஓய்வுபெற்றவன். அடுக்ககச் சங்கத்தின் செயலாளர், அர்த்தநாரிக்குப் பக்கத்து வீடு. இந்தக் கதையைச் சொல்வதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை, வெட்கம்தான் இருக்கிறது. வேறு யாரும் இதைச் சொல்லப் போவதில்லை, அவர்களுக்கு இது ஒரு நல்ல நிச்சயதார்த்தம் நடந்த கதை, பாயசம் திகட்டத் திகட்டச் சாப்பிட்ட கதை. அதனால் நானே சொல்கிறேன்.

விமானி வெளிநாட்டிலிருந்து பெட்டியில் துண்டு துண்டாக வந்தான். எந்தப் படத்தில் வருகிறவன், எந்தக் கிரகத்தைக் காப்பாற்றியவன் என்றெல்லாம் அர்த்தநாரி சொன்னார், எனக்கு மனதில் நிற்கவில்லை. உடம்பு தனி, தலை தனி, தலைக்கவசம் தனி, மேலும் கீழும் ஏறி இறங்கும் முகக்கண்ணாடி தனி. கைகள் மட்டும் ஆறு ஜோடி, முஷ்டி மடக்கிய கை, கம்பியைப் பிடிக்கிற கை, சல்யூட் அடிக்கிற கை, தூரத்தைச் சுட்டுகிற கை என்று எல்லாம் பஞ்சுக் குழிகளுக்குள் படுத்திருந்தன. வண்டி இரண்டரை அடி நீளம், ஆறு சக்கரம், ஆரஞ்சு நிறம், ஓடவே ஓடாத அந்த வண்டியின் மேல் ஓடிக் களைத்த மண்ணையும் துருவையும் தொழிற்சாலையிலேயே பூசி அனுப்பியிருந்தார்கள். அர்த்தநாரி வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, மணிக்கட்டு மூட்டுகளை ஹேர் டிரையரால் சூடாக்கி, 'டக்' என்று சத்தம் வரும்வரை ஒவ்வொரு கையாக அழுத்திப் பார்த்து, பிடிக்காமல் கழற்றி, மறுபடி அழுத்தினார். போஸ் வைப்பதற்கே இரண்டு நாள் ஆயிற்று. ஒரு கால் படியில், ஒரு கை கதவில், ஒரு கை வானத்தைச் சுட்டியபடி. "எடை முன்காலில விழணும் சார், அப்பத்தான் உயிர் இருக்கும்" என்றார். உயிர் இருந்தால் என்னென்ன தொல்லை என்று அன்றைக்கு எங்கள் இருவருக்குமே தெரியாது.

இவ்வளவும் எதற்கென்றால், அவருடைய மகள் தாரணிக்குச் சென்னையில் ஒரு மாப்பிள்ளை அமைந்திருந்தான். அவளே பார்த்து அமைத்துக்கொண்டவன், அவனும் இந்த மாதிரிப் பொம்மைகள் சேர்க்கிறவன். சம்பந்தி வீட்டார் வந்து கூடத்தில் உட்காரும்போது நாமும் அந்த ரகம்தான் என்று தெரிய வேண்டும் என்பது அர்த்தநாரியின் ஆசை. அந்த ஆசை தப்பென்று நான் சொல்ல மாட்டேன். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள் அவர், பேச்சிலிருந்து 'ஏனுங்க'வைக் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கி எடுத்து எறிந்துவிட்டு, பெரிய கம்பெனியில் நூறு பேரை மேய்க்கிற இடத்துக்கு வந்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா முதன்முறை போனில் பேசியபோது நான் அங்கேதான் இருந்தேன், விமானியின் முகக்கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டு. "உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க எத்தனை பேர்?" என்று போனில் கேட்டது எனக்கும் காதில் விழுந்தது. அர்த்தநாரி விமானியின் கட்டைவிரலைச் சரிசெய்தபடியே, "யாரும் இல்லைங்க, நான் ஒரே பையன்" என்றார்.

அண்ணன் இருந்தார். மாரப்பன் என்று பெயர், சங்ககிரியில் லாரி டிரைவர். அப்பா போனபோது அண்ணனுக்குப் பதினேழு வயது, தம்பிக்கு ஒன்பது. கிளீனராக ஏறி, டிரைவராகி, குஜராத்துக்கும் அசாமுக்கும் ஓட்டி, தம்பியைப் பொறியியல் படிக்கவைத்தவர். இது எனக்கு நிச்சயதார்த்தம் முடிந்தபிறகுதான் முழுதாகத் தெரிந்தது. உங்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், எதையும் ஒளித்து வைத்துச் சொல்வது இப்போது எனக்குப் பிடிப்பதில்லை.

போன் பேசியது செவ்வாய்க்கிழமை. விமானி இறங்கியது மறுநாள் மத்தியானம். அர்த்தநாரி அலுவலகத்திலிருந்து வந்து அவனைத் தூக்கிப் படியில் நிறுத்தினார். வியாழக்கிழமை ஒன்றேகாலுக்கு மறுபடி இறங்கினான், வெள்ளிக்கிழமையும் இறங்கினான். அலமாரியின் மேலே பதித்த விளக்கு முன்சக்கரத்தின் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நிழலை விழவைத்திருந்தது, அந்த நிழலுக்குள் கச்சிதமாக அடங்கி, இடது கையை முழங்காலில் போட்டு, வலது கையால் பிடரியைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து மூன்று மணிவரை உட்கார்ந்திருப்பான். மூன்று மணிக்கு மேல் அப்படியே இருப்பான், ஆனால் வெறும் பொம்மையாக.

சனிக்கிழமைக்குள் அடுக்ககம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மூன்றாம் மாடி எலும்பு மருத்துவர் வந்து பார்த்துவிட்டு இடுப்பு மூட்டில் தேய்மானம் இருக்கலாம் என்றார். ஐந்தாம் மாடி வாஸ்துக்காரர் வண்டி தெற்கு பார்த்து நிற்பதுதான் காரணம் என்றார். சீட்டு உறுத்துகிறது என்று யாரோ சொல்லப்போக, பாசிமணியில் ஒரு சின்ன மெத்தையைப் பின்னி அவன் இருக்கையில் போட்டார்கள். மருந்து பாட்டில் மூடியில் டீ வைத்தோம், மூன்று மணிக்கு மூடி காலியாக இருந்தது, அதற்கும் நாங்கள் அலட்டிக்கொள்ளவில்லை, மறுநாள் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போட்டோம். அவன் சாப்பாட்டு நேரம் என்பதால் ஒன்றிலிருந்து மூன்றுவரை எங்கள் நான்காம் மாடியில் யாரும் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று நான் சுற்றறிக்கை விட்டேன். பார்க்க வருகிறவர்கள் செருப்பை வெளியே விட்டார்கள், குரலைத் தாழ்த்தினார்கள், பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார்கள். ஆயுத பூஜையன்று எண்பது கார்களையும் வரிசையாக நிறுத்திப் பூஜை போடுகிற எங்கள் வழக்கத்தில் அந்த வருஷம் முதல் பூஜை விமானியின் வண்டிக்குத்தான். சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்றுக்குப் பதிலாக இரண்டு அருகம்புல்லைக் கட்டி, எலுமிச்சம்பழம் பெரிதாகிவிடும் என்பதால் ஆறு சக்கரத்துக்கும் ஆறு சுண்டைக்காய் வைத்து நசுக்கினோம். விமானி நிழலில் உட்கார்ந்தபடியே தலை நிமிராமல் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டான்.

பொன்னாத்தா மட்டும் ஒருநாள் என்னிடம் கேட்டாள். "ஏனுங்க சார், கேட்டுக்கு வெளியில நாலு பேரு இதே மாதிரித்தான் தெனமும் குந்தியிருக்கறாங்க. சோறு கொண்டாரவன், கார் ஓட்டறவன். அவங்களுக்கு ஒரு சொம்புத் தண்ணி குடுக்க ஆளக் காணோம், இந்தப் பொம்மைக்கு டீயா?" கேட்டில் ஒரு பலகை உண்டு: டிரைவர்கள், டெலிவரி ஆட்கள் லிஃப்டையும் கழிப்பறையையும் பயன்படுத்தக் கூடாது, வளாகத்துக்குள் உட்காரக் கூடாது. என் கையெழுத்துதான் அது, பதிவாளர் கையெழுத்து, முத்து முத்தாக இருக்கும். "அது வேற, இது வேற பொன்னாத்தா" என்றேன். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நாங்கள் இவ்வளவு கொண்டாடியும் அர்த்தநாரி மட்டும் அலமாரிப் பக்கம் திரும்புவதையே குறைத்துக்கொண்டார். கூடத்தில் டீசலும் பீடியும் கலந்த வாசனை வருகிறது என்று வாசனைத் திரவியத்தைப் புட்டி புட்டியாக அடித்தார். பிடரியைப் பிடித்த அந்தக் கையைக் கழற்றிவிட்டுச் சல்யூட் அடிக்கிற கையை மாட்டிப் பார்த்தார், அந்தக் கையும் ஒன்றேகாலுக்குப் பிடரிக்கே போயிற்று. அவர் மனைவி கோகிலவாணி ஒருநாள், "உங்கண்ணன் உக்காந்திருக்கற மாதிரியே இருக்குதுங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட, அவர் அன்று சாப்பிடாமல் எழுந்து போனாராம். கல்யாணத்துக்காவது சொல்லிவிடலாம் என்று அந்த அம்மாள் கெஞ்சியிருக்கிறார். "ஒரே பையன்னு சொல்லியாச்சு, இப்பப் போய் எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது?" என்று கேட்டாராம். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அது நம் வீட்டு வாடகைக்காரன் மாதிரி, காலி பண்ணு என்று சொல்ல நமக்கே பயம் வந்துவிடுகிறது.

ஆனாலும் வழக்கத்தை விட முடியவில்லை. அவர்கள் பக்கத்தில் நிச்சயத்துக்கு முன்னால் குலதெய்வத்தின் முன் பூவாக்குக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை. சாமி தலையில் பூவை வைத்து, அது எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துத்தான் மேலே பேசுவார்கள். அர்த்தநாரி யாருக்கும் தெரியாமல் விடியக் காரில் போய்ப் பூக்கேட்டு, வலது பக்கம் விழுந்த சந்தோஷத்தில் தேதியையும் இடத்தையும் பூசாரியிடம் சொல்லி அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். அண்ணனுக்குத் தெரியக் கூடாது என்று ஊரெல்லாம் ஒளித்தவர், அண்ணனுக்கும் தனக்கும் ஒரே குலதெய்வம்தான், ஒரே பூசாரிதான் என்பதை மறந்துபோனார்.

ஐப்பசி முகூர்த்தத்தன்று காலையில் அர்த்தநாரி என்னைக் கூப்பிட்டார். கையில் இரும்பையே ஒட்டுகிற பசை. இந்தப் பொம்மைகளை வைத்திருக்கிறவர்கள் பசை என்ற பேச்சையே எடுக்க மாட்டார்கள், ஒரு சொட்டுப் பட்டாலும் சாமான் செத்தது என்று அர்த்தம். "இன்னைக்கு ஒரு நாள் இவன் எறங்கக் கூடாது சார்" என்றார். நான் விமானியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் பூட்ஸ் இரண்டின் அடியிலும் பசை வைத்துப் படியோடு அழுத்தினார், உள்ளங்கையில் தடவிக் கதவோடு அழுத்தினார். என் விரல்களுக்கு நடுவே ஒரு மூச்சு ஏறி இறங்கியது. நான் அர்த்தநாரியிடம் அதைச் சொல்லவில்லை, கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அன்றைக்கு எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அவர்கள் குடும்பத்தில் பெண்ணுக்குத் தட்டு மாற்றுகிறவர் பெண்ணின் பெரியப்பா. பெரியப்பா என்று யாரும் கிடையாது என்பதால், "நீங்கதான் சார் அந்த எடத்துல உக்காரணும்" என்று அர்த்தநாரி கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. புதுப் பட்டுவேட்டி எடுத்து, முந்தின நாளே கட்டிப் பார்த்துக் கண்ணாடி முன்னால் நின்று, இரண்டு கையாலும் வெறுந்தட்டை நீட்டிப் பழகிக்கொண்டேன்.

சம்பந்தி வீட்டார் பதினொன்றரைக்கு வந்தார்கள். மாப்பிள்ளை நேராக அலமாரிக்குப் போய், "அங்கிள், என்ன ஒரு போஸ்! வெயிட் எல்லாம் முன்கால்ல" என்று சொல்ல, அர்த்தநாரிக்கு முகம் மலர்ந்தது. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு என் போனுக்குக் கேட்டிலிருந்து வாட்ச்மேன் பேசினான். "சார், ஒரு லாரி டிரைவர் வந்திருக்காரு. அர்த்தநாரி சாரோட அண்ணன்னு சொல்றாரு. கையில சீர்த்தட்டு வெச்சிருக்காரு."

"அவருக்கு அண்ணனே கெடையாது. வெளியில நிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, சும்மா ஒரு பார்வைக்காகப் பால்கனிக்குப் போனேன்.

மதிலுக்கு வெளியே சிமென்ட் மூட்டை ஏற்றிய லாரி நின்றிருந்தது. அதன் முன்சக்கரத்தின் நிழலில், வெளுத்த வேட்டியும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் போட்ட ஒருவர், துணி மூடிய பித்தளைத் தட்டை மண்படாமல் ஒரு மூட்டைத் துண்டின் மேல் வைத்துவிட்டு, குந்தி உட்கார்ந்திருந்தார். இடது கை முழங்காலில், வலது கை பிடரியில், தலை குனிந்திருந்தது. ஒவ்வொரு பால்கனியிலும் எங்கள் ஆட்கள் நின்று பார்த்தார்கள். மூன்று மாதமாக அந்த உட்காரலைத் தினமும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தவர்கள், ஒருவருக்கும் அடையாளம் தெரியாமல் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், பிறகு பந்தியில் இலை போட்டாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டோம்.

நான் அர்த்தநாரியின் பக்கத்தில் போய்க் காதோடு காதாக, "கீழ உங்கண்ணன்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தட்ட மாத்திடலாம் சார், நல்ல நேரம் போயிட்டிருக்கு" என்றார். அந்த நேரத்தில் நான் எழுந்து, உரியவர் கீழே இருக்கிறார், கூட்டி வருகிறேன் என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்தேன் என்றுதான் பிறகு பலரிடம் சொன்னேன். உண்மை அதுவல்ல. எனக்கு அந்தப் பட்டுவேட்டியோடு அந்தப் பாயில் உட்கார ஆசையாக இருந்தது. உட்கார்ந்தேன், இரண்டு கையாலும் தட்டைக் கொடுத்தேன், இரண்டு கையாலும் வாங்கினேன், எல்லாரும் கைதட்டினார்கள்.

மணி ஒன்றேகால் ஆனபோது அலமாரியிலிருந்து மெல்லிய சத்தம் கேட்டது. காலும் கையும் ஒட்டியிருந்ததால் விமானியால் இறங்க முடியவில்லை. முகக்கண்ணாடியைத் தானே கீழே இறக்கி முகத்தை மூடிக்கொண்டான். "அட, ஆட்டோமேட்டிக்கா?" என்று மாப்பிள்ளையின் அப்பா ரசித்துக் கேட்டார். "ஆமாங்க" என்றார் அர்த்தநாரி.

மூன்று மணிக்கு வழியனுப்பக் கீழே இறங்கினோம். பெண் வீட்டுப் பெண்கள் மாடியிலேயே விடைபெற்றுக்கொண்டார்கள். எங்களைக் கண்டதும் மாரப்பன் எழுந்து, வேட்டியைத் தட்டி இறக்கிவிட்டு, பித்தளைத் தட்டை இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டார். வெயிலில் அவர் முகம் கருத்திருந்தது, ஆனாலும் தம்பியைப் பார்த்ததில் அந்த முகம் முழுக்கச் சிரிப்பு. மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனிதர், காரில் ஏறப்போனவர் நின்று, "யாருக்காகங்க வெயிட் பண்றீங்க?" என்று கேட்டார்.

மாரப்பன் தம்பியைப் பார்த்தார். அர்த்தநாரி கைக்கடிகாரத்தின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஒரு நிமிஷம்கூட இருக்காது, அந்தச் சிரிப்பு எங்கேயும் போகாமல் அப்படியே இருந்தது, கண்ணை மட்டும் விட்டுப் போயிற்று.

"நான் டிரைவருங்க" என்றார் மாரப்பன். "எங்க லாரி ஓனரு சாருக்கு ரொம்ப வேண்டியவருங்க. பாப்பாவுக்கு விசேசம்னு சீரு குடுத்து உட்டாருங்க. குடுத்துப்போட்டுப் போலாம்னு நின்னனுங்க." பிறகு தம்பியின் முன்னால் வந்து, கொஞ்சம் குனிந்து, "இந்தாங்க சார்" என்று தட்டை நீட்டினார்.

அர்த்தநாரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். துணி விலகி, சேலைக்கும் தேங்காய்க்கும் மேலே சாமியிடம் வாங்கிவந்த பூ வாடிக் கிடந்தது தெரிந்தது. அவர் வாயைத் திறந்தார். இப்போது சொல்லிவிடுவார், அண்ணா என்று ஒரு வார்த்தை வந்துவிடும் என்று நினைத்தேன், சாமி சத்தியமாக நினைத்தேன். "சரிப்பா" என்றார் அவர். "உங்க ஓனர நான் கேட்டதாச் சொல்லு."

"சொல்றனுங்க சார்."

மாப்பிள்ளையின் அப்பா என் பக்கம் திரும்பினார், தட்டு மாற்றிய பெரியவன் நான்தானே. "என்னங்க பெரியவரே, விசேஷ வீட்டுக்குச் சீர் கொண்டு வந்த மனுஷன். டிரைவருக்குச் சாப்பாடு போட்டீங்களா?"

"போட்டாச்சு" என்றேன்.

"ஆச்சுங்க" என்றார் மாரப்பன் உடனே, என்னையும் காப்பாற்றுகிறவராக, வயிற்றைத் தடவிக்காட்டி. "வவுறு நெறைய ஆச்சுங்க. பாயசம் அருமைங்க."

லாரியில் ஏறி, கண்ணாடியைத் துடைத்து, பாலக்காட்டுச் சாலையைப் பார்த்துப் போய்விட்டார். அவர் பன்னிரண்டு மணியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று வாட்ச்மேன் பிறகு என்னிடம் வந்து சொன்னான். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. மூன்று மணி நேரமும் பந்திக்கும் பால்கனிக்குமாக நடந்து, அவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தவன் நான்தான்.